பிடித்த சாப்பாட்டை விடாமல் எடையைக் குறைப்பது: நம் அடுக்களைக்கான படிப்படியான வழிகாட்டி

எடை குறைக்க முடிவு செய்பவர்களில் பெரும்பாலோர் அன்று மாலையே கடைக்குப் போய்ச் சாமை, தினை, ஓட்ஸ், தேன் என்று ஒரு பை நிறைய வாங்கி வருகிறார்கள். வீட்டில் எண்ணெய்ச் சட்டியும் சோற்றுக் கரண்டியும் பழையபடியே இருக்க, பொருள்கள் மட்டும் மாறுகின்றன, எடை மாறுவதில்லை. வரிசை தலைகீழாக இருப்பதே காரணம். முதலில் அளவு, அடுத்து செய்முறை, கடைசியில்தான் பொருள். இந்த வழிகாட்டி அந்த வரிசையிலேயே செல்கிறது. இடையில் ஒரு படியைத் தாண்டிச் செல்ல வேண்டாம்.

1. தொடங்குவதற்கு முன் வேண்டியவை

கிராம் கணக்கில் காட்டும் சிறிய டிஜிட்டல் தராசு ஒன்று, 5 மி.லி. தேக்கரண்டியும் 15 மி.லி. மேசைக்கரண்டியும் உள்ள அளவுக் கரண்டிகள், நன்கு பழகிய இரும்புத் தோசைக்கல், குழிப்பணியாரச் சட்டி, இறுக மூடும் மூடியுள்ள அகலமான வாணலி ஆகியவை போதும். ஏர் ஃபிரையர் இருந்தால் மீன் வறுவலுக்கும் சேனைக்கிழங்கு வறுவலுக்கும் உதவும். இல்லாவிட்டால் இதற்கென்று வாங்கத் தேவையில்லை.

நாம் புழங்கும் சாப்பாட்டுக் கரண்டிகள் ஒரே அளவில் இருப்பதில்லை என்பதால் அளவுக் கரண்டி அவசியமாகிறது. 'இரண்டு கரண்டி எண்ணெய்' என்பது ஒரு வீட்டில் 10 மி.லி., இன்னொரு வீட்டில் 50 மி.லி. ஆகிவிடும்.

நீரிழிவுக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுத்துக்கொள்பவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள் ஆகியோர் மருத்துவரிடம் பேசிவிட்டே தொடங்க வேண்டும். சோற்றைக் குறைத்துவிட்டு மருந்தின் அளவை மாற்றாமல் விட்டால் சர்க்கரை திடீரென்று தாழ்ந்துவிடலாம். கீழே சொல்லப்படும் கூடுதல் பருப்பும் சிறுநீரக நோயாளிகளில் பலருக்கு ஏற்றதன்று.

2. முதல் வாரம்: எதையும் மாற்றாமல் அளந்து மட்டும் பாருங்கள்

ஒரு வாரம் வழக்கம்போலவே சமையுங்கள், வழக்கம்போலவே சாப்பிடுங்கள். ஆனால் சட்டியில் விழும் எண்ணெய், தட்டில் விழும் சோறு, காபியில் விழும் சர்க்கரை ஆகிய மூன்றையும் அளந்து ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பொறுமையில்லாமல் இந்த வாரத்தைத் தவிர்ப்பவர்கள் பிறகு எதைக் குறைத்தோம் என்றே தெரியாமல் திண்டாடுகிறார்கள்.

எண்ணெய்க்கு இன்னும் எளிய கணக்கு ஒன்று உண்டு: மாதம் வாங்கும் எண்ணெயைத் தலைக்கு வகுத்துவிடுங்கள். நான்கு பேர் உள்ள வீட்டில் மாதம் 5 லிட்டர் தீர்கிறது என்றால், ஆளுக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 38 கிராம், அதாவது 340 கலோரி; நெய், வெண்ணெய், வெளியில் சாப்பிடும் பலகாரம் எல்லாம் இதற்கு மேல். ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024ஆம் ஆண்டு வெளியிட்ட உணவு வழிகாட்டுதல்கள் 2000 கலோரி உணவுக்கு ஒதுக்கும் எண்ணெயும் கொழுப்பும் 27 கிராம்தான். எடை குறைக்க விரும்புபவருக்கு மாதம் அரை லிட்டர், அதாவது நாளைக்கு மூன்று தேக்கரண்டி என்பது சமையலைக் கெடுக்காமலேயே எட்டக்கூடிய இலக்கு.

3. எண்ணெய்: எங்கே மணக்கிறதோ அங்கே வையுங்கள்

எந்த எண்ணெயாக இருந்தாலும் ஒரு கிராமுக்கு 9 கலோரி. நல்லெண்ணெய், செக்கு எண்ணெய், 'கொலஸ்ட்ரால் இல்லாதது' என்று அச்சடித்த எண்ணெய் எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான். (தாவர எண்ணெய் எதிலுமே கொலஸ்ட்ரால் கிடையாது என்பது வேறு விஷயம்.) ஒரு மேசைக்கரண்டி ஊற்றினால் 120 கலோரி போய்விடுகிறது, ஆகவே குறைக்க வேண்டிய முதல் இடம் இதுவே.

ஆனால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி குறைத்தால் சாப்பாடு சப்பென்று ஆகிவிடும். ஒரு சமையலில் எண்ணெய் இரண்டு வேலைகளைச் செய்கிறது. தாளிப்பில் கடுகு, சீரகம், கறிவேப்பிலை, பெருங்காயத்தின் மணத்தை வாங்கிக்கொண்டு நாக்குக்குக் கொண்டுவருவது ஒன்று. வெங்காயமும் காயும் அடிப்பிடிக்காமல் வதங்கப் பார்த்துக்கொள்வது மற்றொன்று. முதல் வேலைக்கு எண்ணெய் வேண்டும், ஆனால் ஒரு தேக்கரண்டி போதும். இரண்டாவது வேலையை உப்பும் மூடியும் தண்ணீரும் செய்துவிடும்.

வெங்காயம் வதக்கும்போது அதைச் சட்டியில் போட்டவுடனேயே உப்பைச் சேர்த்து, மூடி, மிதமான தீயில் வையுங்கள். உப்பு வெங்காயத்திலிருந்து நீரை இழுத்து வெளியே விடுவதால் அது தன் நீரிலேயே வதங்கும். அடியில் ஒட்டத் தொடங்கும்போது ஒரு கரண்டி தண்ணீர் தெளித்துச் சுரண்டிவிடுங்கள். அந்தப் பழுப்பு நிறப் படிவுதான் சுவை, அதைக் கருக விடக்கூடாது. புதியவர்கள் இங்கே செய்யும் தவறு, ஒட்டியவுடன் பயந்து எண்ணெயை ஊற்றிவிடுவது.

அவியல் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. காய்களை வேகவைத்து, தேங்காய் விழுதும் தயிரும் சேர்த்து, அடுப்பை அணைத்த பின்பு ஒரு தேக்கரண்டி பச்சைத் தேங்காய் எண்ணெயை மேலே விடுகிறோம்; சட்டியைத் திறக்கும்போது வருவது அந்த ஒரு கரண்டியின் மணம்தான். வதக்கும்போதே மூன்று கரண்டி ஊற்றியிருந்தாலும் இந்த மணம் கிடைக்காது.

எண்ணெயை அடியோடு நிறுத்துவதும் சரியன்று. ஏ, டி, ஈ, கே ஆகிய வைட்டமின்களை உடல் ஏற்றுக்கொள்ள உணவில் ஓரளவு கொழுப்பு இருந்தாக வேண்டும்.

4. சோறு: ஒரே முறை எடுத்து மூன்றாகப் பிரியுங்கள்

நம் சாப்பாட்டில் சோற்றின் அளவு தெரியாமல் போவதற்குக் காரணம் சாம்பார், ரசம், மோர் என்று மூன்று முறை பரிமாறுவதுதான். ஒவ்வொரு முறையும் 'கொஞ்சம்' போட்டால் கடைசியில் 400 கிராம் ஆகியிருக்கும். வெந்த சோறு 100 கிராமுக்கு ஏறத்தாழ 130 கலோரி என்பதால் அது 500 கலோரியைத் தாண்டும்.

தொடக்கத்திலேயே 150 முதல் 200 கிராம் சோற்றை எடை போட்டு ஒரு கிண்ணத்தில் எடுத்து வைத்துக்கொண்டு, அதையே மூன்றாகப் பிரித்துச் சாப்பிடுங்கள். சில நாள்களில் கண்ணே அளந்துவிடும்; தராசு தேவைப்படாது. குறைந்த சோற்றின் இடத்தைக் காயும் பருப்பும் நிரப்ப வேண்டும். இல்லாவிட்டால் மாலை நான்கு மணிக்கு முறுக்கு டப்பா திறக்கும். தட்டில் பாதி காய், கால் பங்கு சோறு, கால் பங்கு பருப்பு, முட்டை, மீன், கோழி இவற்றில் ஏதாவது ஒன்று என்று வைத்துக்கொண்டால் போதும். எடை குறையும்போது தசை கரையாமல் இருக்கப் புரதம் தேவை. வயிறு நிறைந்த உணர்வையும் அதுவே நீண்ட நேரம் தருகிறது.

5. தோசை: அதிகம் செய்வதிலிருந்து தொடங்குங்கள்

அளவுகள் பழகிய பிறகு செய்முறைகளை மாற்றத் தொடங்கலாம். வாரத்துக்கு ஒரு பலகாரம் மட்டும், அதுவும் உங்கள் வீட்டில் அடிக்கடி செய்வது எதுவோ அதிலிருந்து. மாதம் ஒருமுறை செய்யும் பாயசத்தைத் திருத்துவதைவிட வாரம் ஐந்து நாள் வார்க்கும் தோசையைத் திருத்துவதில் பலன் அதிகம்.

இட்லி அரிசி நான்குக்கு உளுந்து ஒன்று என்று அரைப்பவர்கள் மூன்றுக்கு ஒன்று என்று மாற்றலாம். மாவு இன்னும் நன்றாகவே பொங்கும். வாரத்தில் இரண்டு நாள் தோசைக்குப் பதிலாக அடையோ முழுப் பச்சைப்பயறு அரைத்த பெசரட்டோ வார்த்தால் புரதம் கூடும்.

கல் சூடானதும் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். துளிகள் உருண்டு ஓடி மறைந்தால் பதம். பாதியாக நறுக்கிய வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுக் கல்லைத் துடைத்து, தீயைத் தணித்து மாவை ஊற்றித் தேயுங்கள். ஓரத்தில் அரைத் தேக்கரண்டி எண்ணெய் விட்டு மூடி வைத்தால் ஆவியில் மேல்புறமும் வெந்துவிடும். திருப்பிப் போட்டு இன்னொரு முறை எண்ணெய் விடத் தேவையில்லை. கல் போதிய அளவு சூடாகாமல் மாவை ஊற்றுபவர்களுக்குத் தோசை ஒட்டிக்கொள்கிறது. உடனே 'எண்ணெய் குறைந்தால் தோசை வராது' என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

தோசையை இவ்வளவு கவனமாக வார்த்துவிட்டுத் தட்டில் மிளகாய்ப் பொடியைக் குவித்து, நடுவில் குழி பறித்து நல்லெண்ணெயை நிரப்புபவர்கள் ஏராளம். அந்தக் குழியில் ஒரு மேசைக்கரண்டி பிடிக்கும். ஏறத்தாழ ஒரு சாதாரண வீட்டுத் தோசை அளவுக்கு அதிலேயே கலோரி உண்டு. பொடிக்கு ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு, மீதியைக் கெட்டித் தயிரால் குழைத்துக்கொள்ளலாம். தேங்காய்ச் சட்னியின் இடத்தில் தக்காளிச் சட்னியோ சாம்பாரோ வரலாம். தேங்காய் 100 கிராமுக்கு ஏறத்தாழ 350 கலோரி உள்ளது.

6. வெண்பொங்கல்: நெய்யைக் குறைத்தது தெரியாமல் செய்யும் முறை

வழக்கமான முறையில் நான்கு பேருக்கு அரிசி 200 கிராம், பாசிப்பருப்பு 100 கிராம், நெய் கால் கிண்ணம், முந்திரி ஒரு பிடி என்று போட்டால் ஆளுக்கு 400 கலோரிக்கு மேல் வரும்.

மாற்றிய அளவு: அரிசி 100 கிராம், பாசிப்பருப்பு 100 கிராம், நெய் நான்கு தேக்கரண்டி, முந்திரி எட்டு, தண்ணீர் ஆறு மடங்கு. இதில் ஆளுக்கு 240 கலோரி அளவில்தான் வரும். தண்ணீர் கூடுவதால் கிண்ணத்தில் அளவு பெரிதாகக் குறைந்து தெரியாது.

செய்யும் வரிசை முக்கியம். பருப்பை வெறும் சட்டியில் வாசனை வரும்வரை சிவக்காமல் வறுத்து, பிறகு அரிசியோடு சேர்த்துக் குழைய வேகவைத்து, கரண்டியால் நன்றாக மசித்துவிடுங்கள். நெய்யில் ஒரு துளிகூட வேகும்போது சேர்க்கக் கூடாது. நான்கு தேக்கரண்டியையும் சிறிய கரண்டியில் காய்ச்சி, ஒன்றிரண்டாக உடைத்த மிளகு, சீரகம், பொடியாக நறுக்கிய இஞ்சி, இரண்டாகப் பிளந்த முந்திரி, கறிவேப்பிலை, பெருங்காயம் எல்லாவற்றையும் அதிலேயே பொரித்து, பரிமாறுவதற்குச் சற்று முன்பு மேலே கொட்டி இரண்டே சுற்று கிளறுங்கள். உள்ளே வெந்து கரைந்துபோகும் நெய் கணக்கில் ஏறுமே தவிர வாய்க்குத் தெரியாது. மேலே நிற்கும் நெய்தான் தெரியும்.

பொங்கல் ஆறினால் இறுகும். பலர் அதைத் தளர்த்த மீண்டும் நெய் விடுகிறார்கள். செய்த வேலையெல்லாம் அங்கே வீணாகிறது. கொதிக்கும் தண்ணீரை அரைக் கிண்ணம் ஊற்றிக் கிளறினாலே போதும். தொட்டுக்கொள்ளக் கத்தரிக்காய் கொத்சு பொருத்தமாக இருக்கும்.

7. குழம்பும் பொரியலும்

அரைத்துவிட்ட குழம்புகளில் தேங்காயைப் பாதியாக்கி, மீதிக் கெட்டித்தன்மைக்கு ஒரு மேசைக்கரண்டி பொட்டுக்கடலையும் வேகவைத்த சின்ன வெங்காயமும் சேர்த்து அரைக்கலாம். பொட்டுக்கடலை கூடினால் குழம்பு கொழகொழப்பாகி மாவு வாசம் வரும். ஒரு மேசைக்கரண்டிக்கு மேல் வேண்டாம். கசகசாவும் முந்திரியும் தேங்காயைவிடக் கொழுப்பு மிகுந்தவை என்பதால் அவற்றைத் தேங்காய்க்கு மாற்றாக எண்ணிவிடக் கூடாது. புளிக்குழம்பில் மேலே மிதக்கும் எண்ணெயை 'பதம் வந்த அடையாளம்' என்று பழகியவர்களுக்குத்தான் சிரமம். குறைந்த எண்ணெயில் அந்த அடையாளம் தெரியாது, ஆகவே பச்சை வாசம் போய்க் குழம்பு கரண்டியில் ஒட்டும் பதத்தைப் பார்த்து இறக்க வேண்டும்.

பொரியலில் எல்லாக் காயும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. கத்தரிக்காய் ஊற்றும் எண்ணெயையெல்லாம் குடித்துவிடும். அதை இட்லித் தட்டில் ஐந்து நிமிடம் ஆவியில் வைத்துவிட்டுப் பிறகு மசாலாவோடு புரட்டினால் குடிக்க இடமிருக்காது. உருளைக்கிழங்கைத் தோலோடு வேகவைத்து, முழுவதும் ஆறவிட்டு, மேல்புறம் காய்ந்த பின் இரும்பு வாணலியில் கால் கிலோவுக்கு இரண்டு தேக்கரண்டி எண்ணெயில் அசைக்காமல் வறுத்தால் மொறுமொறுப்பு வந்துவிடும். வெண்டைக்காய்க்கு மட்டும் மூடி போடக் கூடாது. ஆவி பட்டால் வழவழப்பு கூடும். அகலமான சட்டியில் பரப்பி, பாதி வதங்கியதும் ஒரு கரண்டி தயிரோ புளித்தண்ணீரோ விட்டால் வழவழப்பு அடங்கும்.

அப்பளத்தைத் தீயில் சுட்டுக்கொள்ளுங்கள். அதைப் பற்றிச் சொல்ல வேறெதுவும் இல்லை.

8. வடை, பூரி, பிரியாணி

மசால் வடை குழிப்பணியாரச் சட்டியில் நன்றாக வரும். கடலைப்பருப்பை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, முழுவதும் வடித்து, தண்ணீர் சேர்க்காமல் கொரகொரப்பாக அரைத்து, குழிக்கு அரைத் தேக்கரண்டி எண்ணெய் விட்டு, மூடி, மிதமான தீயில் இருபுறமும் வேகவிடுங்கள். மாவில் ஈரம் இருந்தால் உள்ளே வேகாமல் மாவாகவே நிற்கும்.

மெதுவடை இப்படி வராது. அதன் ஓரமும் நடுவும் எண்ணெயில் மிதந்து வெந்தால்தான் உண்டு. பணியாரச் சட்டியில் செய்தால் அது உளுந்துப் பணியாரம், பூரியை அடுப்பில் சுட்டால் அது உப்பிய சப்பாத்தி. இவற்றுக்கு மாற்று தேடி ஏமாறுவதைவிட, நாள் கிழமையில் உண்மையான மெதுவடை ஒன்றை நிம்மதியாகச் சாப்பிடுவதே மேல் என்பது என் கருத்து. பொரிக்கும் நாளில் எண்ணெய் நன்கு காய்ந்திருக்கட்டும், ஒரே நேரத்தில் சட்டி நிறைய போடாதீர்கள். சூடு இறங்கிய எண்ணெயில் வேகும் பலகாரம் அதிக நேரம் கிடந்து அதிக எண்ணெயைக் குடிக்கும்.

பிரியாணியில் மாற்ற வேண்டியது அரிசிக்கும் கறிக்கும் உள்ள விகிதம். நான்கு பேருக்குச் சீரகச் சம்பா 250 கிராம், தோல் நீக்கிய கோழி 600 கிராம், எண்ணெயும் நெய்யுமாகச் சேர்த்து 40 மி.லி. போதுமானது. அதில் 10 மி.லி. நெய்யைத் தனியே எடுத்து வைத்து, தம் போடும்போது மேலே தெளியுங்கள். காரணம் பொங்கலுக்குச் சொன்னதே. கோழி கூடும்போது அது விடும் நீரும் கூடும் என்பதால் தண்ணீரை வழக்கத்தைவிடக் குறைக்க வேண்டும். இதை மறந்தால் பிரியாணி குழைந்து தக்காளிச் சாதம் போல் ஆகிவிடும். கூடவே ஒரு பெரிய கிண்ணம் வெங்காயத் தயிர்ப் பச்சடி இருக்கட்டும்.

9. காபி, இனிப்பு, சிறுதானியம்

100 மி.லி. முழுக்கொழுப்புப் பாலும் இரண்டு தேக்கரண்டி சர்க்கரையும் போட்ட காபியை நாளைக்கு மூன்று முறை குடித்தால் 370 கலோரி அளவுக்கு வரும். பால் பாக்கெட்டில் கொழுப்பு விழுக்காடு அச்சிடப்பட்டிருக்கும். 6 விழுக்காட்டிலிருந்து 3க்கு இறங்கி, சர்க்கரையை ஒரு கரண்டியாக்கினால் 130 கலோரி குறையும். டிக்காக்‌ஷனைச் சற்றுக் கெட்டியாக இறக்கினால் பாலின் மாற்றம் தெரியாது. சர்க்கரையை ஒரே நாளில் நிறுத்தாமல் வாரத்துக்குக் கால் கரண்டியாகக் குறையுங்கள்.

வெல்லம், கருப்பட்டி, தேன் எதற்கு மாறினாலும் கலோரியில் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை.

சிறுதானியம் இப்போதுதான் வருகிறது. சாமை, தினை, கேழ்வரகு எல்லாமே சமைக்காத நிலையில் 100 கிராமுக்கு அரிசியைப் போலவே 320 முதல் 350 கலோரி வரை கொண்டவை. நார்ச்சத்து கூடுதலாக இருப்பதால் வயிறு சீக்கிரம் நிறையும், அவ்வளவே. அளவு பழகாதவர் சாமைச் சோற்றையும் மூன்று முறை போட்டுக்கொள்வார்.

10. எடை பார்ப்பதும் நின்றுவிட்டால் தேட வேண்டிய இடங்களும்

வாரத்துக்கு ஒருமுறை, ஒரே நாளில், காலையில் வெறும் வயிற்றில் எடை பாருங்கள். இடுப்புச் சுற்றளவை மாதம் ஒருமுறை நாடாவால் அளந்துகொள்ளுங்கள். உப்பும் தண்ணீரும் எடையை ஒன்றிரண்டு கிலோ வரை ஏற்றி இறக்கும் என்பதால் தினமும் பார்ப்பவர்கள் வீணாகக் கலங்குகிறார்கள். ஒரு கிலோ கொழுப்பு ஏறத்தாழ 7700 கலோரி; நாளைக்கு 500 கலோரி குறைத்தால் வாரத்துக்கு அரைக் கிலோ அளவில் இறங்கலாம். அதைவிட வேகமாக இறங்க வேண்டும் என்று காலை உணவை விட்டுவிடுபவர்கள் அந்தக் கணக்கைப் பெரும்பாலும் இரவில் தீர்த்துவிடுகிறார்கள்.

வீட்டில் ஒருவருக்கு மட்டும் தனிச் சமையல் செய்வது நீடிக்காது. எல்லோருக்கும் ஒரே சமையலாகச் செய்து, வளரும் பிள்ளைகளின் தட்டில் மட்டும் நெய்யைத் தனியே விட்டுக்கொள்ளலாம்.

நான்கு வாரமாக எடை அசையவில்லை என்றால் செய்முறையைக் குறை சொல்வதற்கு முன் நோட்டை மீண்டும் எடுத்து மூன்று நாள் அளந்து எழுதுங்கள். அநேகமாக எண்ணெய்க் கரண்டி மீண்டும் கண்ணளவுக்கு மாறியிருக்கும். அல்லது சமைக்கும்போது ருசி பார்த்தது, பிள்ளைகள் தட்டில் மிச்சம் வைத்தது, அலுவலகத்தில் தேநீரோடு வந்த பஜ்ஜி போன்ற எழுதப்படாதவை சேர்ந்திருக்கும். அவையும் இல்லையென்றால், எடை குறைந்த உடலுக்கு முன்பைவிடக் குறைவாகவே தேவைப்படுகிறது என்று பொருள். சோற்றில் 50 கிராமைக் குறைத்து அதே அளவு காயைக் கூட்டிவிட்டு, இன்னும் இரண்டு வாரம் பார்த்த பிறகு அடுத்த மாற்றத்துக்குச் செல்லுங்கள்.